முதற் சொல்லு

யூலை 21, திங்கள்

காலையில் தம்புள்ளை லொறி வந்தது. நான் கேட்டது வெங்காயம் கட்டுகிற வெறும் பை, பெரியது. வந்து இறங்கியது சின்னது. திருப்பி ஏற்று என்று லொறிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும்போது, றோட்டுக்கு அந்தப் பக்கம் வாழைக்குலை விற்கிறவள் கையை ஆட்டி, "மலரக்கா, காட் நல்ல வடிவு" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன காட்?

என் சாக்குக் கடையில் வேலைக்கு நிற்கிற றஜிதா தன்ரை போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். என் மகள் தனுஷாவின் கலியாண அழைப்புக் காட். நாதஸ்வரம் வாசிக்குது, பூக் கொட்டுது, இரண்டு யானை தும்பிக்கையைத் தூக்கி ஆடுது. கனடாவில் இருக்கிற மகன் அருட்செல்வன் சொந்தக்காரர் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆடி பிறந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஆடியிலை ஆராவது கலியாணம் சொல்லுவினமோ?

ஆவணி பிறந்து நல்ல நாள் பார்த்து, புருசனும் பெண்சாதியுமாக வெற்றிலைத் தட்டத்தோடு வீடு வீடாகப் போய்த்தான் கலியாணம் சொல்வது. அதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதற் சொல்லு தகப்பன் பக்கத்து மூத்தவருக்கு. தனுஷாவுக்கு அது புத்தூரில் இருக்கிற இரத்தினம்மா மச்சாள், செத்துப்போன என் மனிசனின் தமக்கை. அவவுக்கும் எனக்கும் இருபது வருசமாகக் கதை இல்லை. அது வேற விசயம். முதற் சொல்லு அவவுக்குத்தான் என்று நான் எப்போதோ முடிவெடுத்து வைத்திருந்தேன்.

இப்போது எல்லோருக்கும் ஒரே நொடியில் போய்விட்டது. எங்களைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துத் துப்புகிறவனுக்கும் அதே நொடி. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொன்னால் ஒருத்தருக்கும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். இது ஏன் அவனுக்கு விளங்கவில்லை?

சின்னப் பை அப்படியே கிடக்கிறது. லொறியும் போய்விட்டது.

யூலை 22

குழு முழுக்கப் பெருவிரலாம். ஒரு மனிசர் வாய் திறக்கவில்லை.

யூலை 25, வெள்ளி

மகன் போன் எடுத்தான். ஏசினேன். சிரிக்கிறான். "அம்மா, நீங்கள் இன்னும் சைக்கிள் காலத்திலை நிக்கிறியள்" என்றான்.

சைக்கிள் காலம் பற்றி எனக்கு ஒருத்தரும் பாடம் எடுக்க வேண்டாம். இப்போது அதை வைத்து வீடியோவும் போடுகிறார்கள். அரிக்கன் லாம்பு, பழைய றேடியோ, பின்னுக்கு ஒரு புல்லாங்குழல். ஏதோ சொர்க்கத்தைப் பறிகொடுத்த மாதிரி. நான் அங்கை இருந்தனான். எனக்குத் தெரியும்.

கரண்ட் இல்லாத நாளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். மிதியைச் சுற்றினது நான். செய்தி கேட்டது அண்ணையும் கூட்டாளிமாரும். கை வலிக்குது என்று நிறுத்தினால், முக்கியமான இடத்திலை விட்டிட்டாய் என்று ஏச்சு. என்ன முக்கியமோ, எனக்குச் சில்லுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மனிசன் காய்ச்சலில் போனபிறகு, இரண்டு குஞ்சுகளையும் வைத்துக்கொண்டு நான் கடை கடையாகப் பழைய சாக்கு எடுத்து, அலசி, கோணி ஊசியால் தைத்து, புத்தூர், அச்சுவேலித் தோட்டக்காரருக்கு விற்றேன். என்ன விலை போகுது என்று அறிய மருதனார்மடச் சந்தியில் நின்று லொறிக்காரரின் வாயைப் பார்க்க வேணும். ஒருத்தன் ஒன்று சொல்வான், அடுத்தவன் அதற்கு நேர்மாறாகச் சொல்வான். போன் இல்லை என்பதற்காக அப்போது பொய் இல்லாமல் இருக்கவில்லை. பொய் நடந்து வந்தது, அவ்வளவுதான்.

எனக்கு வருகிற கடிதம் அண்ணையின் விலாசத்துக்கு வரும். போன் வந்தால் அண்ணை வீட்டுக்கு. என் வீடு அவருடைய வளவுக்குப் பின்னால். ஒழுங்கை அவருடைய வாசற் படலையைத் தாண்டித்தான் என்னிடம் வரும். அப்படித்தான் இருந்தோம்.

அதனால் அந்தக் காலம் திறம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கலியாணம் சொல்ல வந்தவனின் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். வெயிலுக்குள்ளால் எனக்காக வந்திருக்கிறான். அந்த வேர்வைதான் மரியாதை. யானைக்கு வேர்க்குமோ?

ஓகஸ்ட் 2, சனி

புத்தூர்த் தோட்டக்காரர் ஒருவர் பை எடுக்க வந்தார். எடுத்துக் கட்டி, சைக்கிளில் வைத்தபிறகு, தலையைச் சொறிந்துகொண்டு ஒரு செய்தியும் இறக்கினார். மச்சாள் சொல்லிவிட்டது.

"என்ரை தம்பியின்ரை மகளுக்குக் கலியாணம் எண்டு பக்கத்து வீட்டுப் பெட்டையின்ரை போனிலை யானை ஆடேக்கைதான் எனக்குத் தெரியும். அந்த யானையே போய் மண்டபத்திலை இருக்கட்டும்."

வரமாட்டாவாம்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. நடந்தது பிழைதான், நான் செய்யாவிட்டாலும் என் மகன் செய்தது. ஆனால் ஆர் கதைக்கிறது? 2004இல் அவவின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. எனக்குச் சொன்னவவோ? அந்தப் பிள்ளைக்கு என் மடியில் வைத்துச் சோறு தீத்தியிருக்கிறேன். கலியாணம் முடிந்து இரண்டு நாளைக்குப் பிறகு சந்தையில் ஆரோ ஒருத்தியின் வாயால் கேள்விப்பட்டேன். புருசன் செத்தவள் எதற்கு என்று விட்டுவிட்டா என்று நினைத்தேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன். பிறகு அவவின் மனிசன் செத்தபோது போனேன். சாவுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு மூலையில் இருந்துவிட்டு வந்தேன். அவ முகம் தரவில்லை. நானும் தேடவில்லை.

வராட்டிப் போகட்டும் என்று தனுஷாவிடம் சொன்னேன். அவள் உரத்துப் பேசுகிற பிள்ளை இல்லை.

"எனக்கு அப்பாவை ஞாபகம் இல்லை அம்மா. மாமியை ஒருக்கால் றோட்டிலை கண்டனான். படத்திலை இருக்கிற அப்பான்ரை முகமே நடந்து போன மாதிரி இருந்தது. கலியாணத்தண்டு அந்த முகம் எனக்கு முன்னாலை இருக்கோணும். உங்கடை கோபத்தை நீங்கள் பேந்து வைச்சுக்கொள்ளுங்கோ."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. கேட்டது இது ஒன்று. அதுவும் நான் கடையில் வாங்க முடியாத ஒன்று.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணை கடைக்கு வந்தார். மேடையில் தகப்பன் இடத்தில் இருந்து தாரை வார்க்கப்போவது அவரும் அண்ணியும்தான். கலியாணம் சொல்லவும் அவர்கள்தான் போக வேணும். நான் தட்டம் தூக்கக்கூடாது.

ஆவணி முதல் நாள் வெளிக்கிட்டு முதலில் புத்தூருக்குப் போங்கோ, நேரே போய்ச் சொன்னால் மச்சாள் இறங்கி வருவா என்றேன். ஓம் ஓம் என்றார். பிறகு, "போனிலை பாத்திட்டினம்தானே, புத்தூருக்கு ஒருக்கால் போன் எடுத்தால் போதாதோ" என்று இழுத்தார். போன மாதம் வரைக்கும் வாட்ஸ்அப்பைக் கண்டால் தும்முகிற மனிசன்.

கதைக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. நைலோன் கயிற்றுக் கட்டைத் தடவிக்கொண்டு நின்றார். விலை கேட்காமல் சரக்கைத் தடவுகிறவன் வாங்க மாட்டான். முப்பது வருசமாகப் பார்க்கிறேன்.

ஓகஸ்ட் 17, ஆவணி முதல் நாள்

தட்டத்தை நான் அடுக்கினேன். வெற்றிலை, பாக்கு, பழம், சந்தனம், குங்குமம், காட். வெளிக்கிடும்போது நான் எதிரே நிற்கக்கூடாதாம், அண்ணி மெல்லமாகச் சொன்னா. குசினிக்குள் போய் நின்றேன். என்ரை மகளின்ரை கலியாணம். என்ரை குசினி.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். கோண்டாவில் சொல்லியாச்சு, இணுவில் சொல்லியாச்சு. முதற் சொல்லு எங்கே என்றேன். உரும்பிராயில், அண்ணியின் தங்கச்சி வீட்டில். பாதையில் வந்துதாம்.

புத்தூர்?

சில்லுக்குக் காற்றுப் போய்விட்டதாம்.

தட்டத்தைக் கழுவும்போது குங்குமம் சிந்தி மேசைச்சீலை பழுதாகிவிட்டது. அதற்கும் சேர்த்து ஏசினேன், தனிய நின்று.

ஓகஸ்ட் 20

அண்ணைக்கு இண்டைக்கு முழங்கால். நேற்று ராகுகாலம். புத்தூர் என்ன கடலுக்கு அங்காலையோ இருக்கு?

ஓகஸ்ட் 22, வெள்ளி

நானே போனேன். தட்டத்தைத் துணியால் கட்டிப் பைக்குள் வைத்து, ஸ்கூட்டியில் கொழுவிக்கொண்டு போனேன். புருசன் இல்லாதவள் தட்டத்தோடு போகக்கூடாது என்றால், அதை மச்சாளே என் முகத்துக்குச் சொல்லட்டும்.

முற்றத்தில் சாக்கு விரித்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தா. சாக்கு என்னுடைய கடைச் சாக்கு. நிமிர்ந்து பார்த்தா. எழும்பவில்லை.

"ஆர் வந்திருக்கிறது? யானையோ?"

"நான்தான் மச்சாள். தனுஷான்ரை கலியாணம் சொல்ல வந்தனான்."

"நீயோ? தனியவோ?" என் வெறும் நெற்றியைப் பார்த்தா. பிறகு கையிலிருந்த பையைப் பார்த்தா. "ஆடியிலை யானை விட்டாய். இப்ப தட்டத்தோடை நிக்கிறாய். முந்தின காலமெண்டால் நீ உதோடை என்ரை படலை தாண்டியிருக்க மாட்டாய். உனக்கு வேணுமெண்டால் பழைய வழக்கம், வேண்டாமெண்டால் புதுசோ?"

கேள்வி நியாயமானது. அதனால்தான் கோபம் இன்னும் வந்தது. இருபது வருசத்துக் கோபம் முழுக்க அந்த முற்றத்தில் கொட்டினேன்.

"உங்கடை மகளின்ரை கலியாணத்துக்கு நீங்கள் எந்த வழக்கத்திலை எனக்குச் சொன்னனியள்?"

வெங்காயத் தாளில் கத்தி பாதியில் நின்றது.

"என்ன சொன்னனி?"

"எனக்கு ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கிறன்."

கத்தியைச் சாக்கில் வைத்தா. பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நானும் என்ரை மனிசனும் தட்டத்தோடை வந்தனாங்கள். உன்ரை வீட்டை வாறதுக்குத்தான் ஒழுங்கைக்குள்ளை இறங்கினது. உன்ரை அண்ணை படலையிலை மறிச்சுப் போட்டார். புருசன் இல்லாத வீட்டுக்குத் தட்டத்தோடை போகக்கூடாது, இஞ்சை வையுங்கோ, நான் சொல்லிவிடுறன் எண்டார். வழக்கம் அதுதானே. வைச்சிட்டுத் திரும்பினம். கலியாணத்தண்டு முன்வரிசையிலை உனக்கெண்டு ஒரு கதிரை போட்டுவைச்சன். சாப்பாடு முடியும்வரைக்கும் ஒருத்தரையும் அதிலை இருக்க விடேல்லை. நீ வரேல்லை. என்ரை தம்பி செத்தபிறகு எங்களை வெட்டிப் போட்டாய் எண்டு நினைச்சன்."

நான் அழுதேன். வெங்காயத்தின் மேல் பழி போட விருப்பம் இல்லை.

தட்டத்தை நீட்டினேன். அவ வாங்கவில்லை. அந்தப் பலகை வாங்கிலை வை என்றா. "முதல் போய் உன்ரை அண்ணையைக் கேள். நான் பொய் சொல்லுறன் எண்டால் பேந்து நான் ஏன் வரோணும்?"

திரும்பி வரும்போது உரும்பிராய்ச் சந்தியில் பின்னால் நின்ற ஒருத்தன் ஹோன் அடித்துக் கத்தினான். பச்சை விழுந்து எவ்வளவு நேரமோ.

ஓகஸ்ட் 23, சனி

கேட்டேன். மறுப்பார் என்று நினைத்துத்தான் போனேன். மறுத்திருந்தால் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும்.

"ஓம். சொல்லேல்லை."

சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, நேற்றுப் பால்காரன் வரவில்லை என்று சொல்வது மாதிரி.

"நீ போயிருந்தால் மணவறைக்குக் கிட்ட நிக்காதை எண்டு ஆரோ ஒருத்தி சொல்லியிருப்பாள் பிள்ளை. நீ அழுதுகொண்டு என்ரை படலையிலைதானே வந்து நிப்பாய். அதை நான் பாக்கோணுமோ? நல்லதுக்குத்தான் செய்தனான்."

"அந்தச் சொல்லு எனக்கு விழுந்திருந்தால் ஒரு கிழமை அழுதிருப்பன் அண்ணை. நீங்கள் இருபது வருசம் எடுத்திட்டியள்."

அண்ணி தேத்தண்ணியோடு வந்தவ அப்படியே திரும்பி உள்ளே போனா. அவவுக்கும் தெரியும். அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்தி.

நல்லதுக்குத்தான். இருக்கலாம். அண்ணை என்னில் அன்பில்லாதவர் இல்லை, என் பிள்ளைகளைத் தோளில் போட்டுத் திரிந்த மனிசன். ஆனால் அந்த நாளில் அவர் வைத்திருந்த கடைக்கு அரைக் கூலிக்குச் சாக்குத் தைத்துக் கொடுத்ததும் நான்தான். புத்தூர்ப் பக்கம் எனக்கு ஒட்டு இருந்திருந்தால் நான் அங்கேயே ஒரு கொட்டிலைப் போட்டுப் போயிருப்பேன். நல்லதும் இலாபமும் ஒரே பக்கத்தால் வந்தால் நான் சரக்கை இரண்டு தரம் பிரட்டிப் பார்க்கிறவள். இதை இத்தனை வருசம் பிரட்டவில்லை.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

சாக்கு மடித்துக்கொண்டு இதையேதான் யோசித்தேன். அந்தப் படலையில் இன்னும் எத்தனை சொல்லு நின்றுபோனது? சொல்லவில்லை என்று நான் முகம் திருப்பிய வீடுகள் எத்தனை? அவர்கள் என்னைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள், நாலு காசு கண்டதும் சாக்குக்காரிக்குத் தலைக்கனம் என்றா?

ஒவ்வொருத்தராகப் போய்க் கேட்கவும் முடியாது. பாதிப் பேர் இப்போது இல்லை.

அருட்செல்வனின் யானை இரண்டும் ஒரு படலையிலும் நிற்கவில்லை. ஆரும் மறிக்க முடியவில்லை. எனக்கு அதைப் பிடிக்கவில்லை, இப்பவும் பிடிக்கவில்லை. ஆனால் எழுதத்தான் வேணும்.

மச்சாளிடம் இருப்பது பொத்தான் போன். எடுத்து, "கேட்டிட்டன் மச்சாள். அவர் ஓம் எண்டார்" என்றேன். "ம்" என்றா. வைத்துவிட்டா.

ஓகஸ்ட் 27, புதன்

அருட்செல்வன் நேற்று வந்து இறங்கினான். இன்று காலை கடை திறந்து கொஞ்ச நேரத்தில் ஒரு மனிசி பஸ்ஸால் இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு நேரே வந்து என் கதிரையில் இருந்தா. றஜிதா, அது முதலாளியின் கதிரை என்று சொல்ல வாயெடுத்தாள். நான் கண்ணைக் காட்டினேன்.

"இன்னும் சொல்லாத வீடு கிடக்கோ?" மச்சாள்தான்.

"ஏழாலை, சுன்னாகம், அச்சுவேலி கிடக்கு. அண்ணையை இனிக் கேக்க மாட்டன். சொல்லுறதுக்கு ஒரு சோடி வேணுமே மச்சாள்."

"ஏன், நீயும் நானும் சோடிதானே. ரெண்டு பேருக்கும் புருசன் இல்லை. ரெண்டு பேருக்கும் வாய் கிடக்கு."

றஜிதா தறப்பாள் விரிப்பு அடுக்குக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இவ்வளவு காலமும் இந்த வாயைக் கேட்காமல் விட்டோமே என்ற ஆத்திரம்தான் வந்தது.

ஓட்டோ பிடித்துப் போனோம். தட்டத்தை அருட்செல்வனின் கையில் கொடுத்தேன், யானை விட்டவன் தூக்கட்டும் என்று. ஏழாலையில் ஒரு வீட்டில் எங்களைக் கண்டதும் மனிசி உள்ளே போய், புருசனை அனுப்பித் தட்டத்தை வாங்குவித்தாள். மச்சாள் அந்த மனிசனிடம், "உள்ளை நிக்கிறவவுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறம்" என்று உரத்துச் சொன்னா. சுன்னாகத்தில், போனிலைதான் பாத்திட்டமே, ஏன் வெயிலுக்குள்ளை அலைஞ்சு வந்தனீங்கள் என்று கேட்டார்கள். "போன் பலகாரம் தின்னாது, அதுதான் நாங்கள் வந்தது" என்றா. தட்டு நிறையப் பயத்தம்பணியாரம் வந்தது.

அச்சுவேலியில் இறங்கும்போது அருட்செல்வனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பார்த்தேன்.

செப்ரெம்பர் 5, வெள்ளி

நேற்றுக் கலியாணம் முடிந்தது.

மேடையில் அண்ணையும் அண்ணியும்தான் இருந்தார்கள். நான் மறிக்கவில்லை. மறிக்க நினைத்து இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன். என் சண்டையைத் தீர்க்க என் மகளின் மணவறை இடமில்லை. அண்ணையோடு கதைக்கவும் இல்லை. தாரை வார்க்கும்போது அவர் நிமிர்ந்து என்னைத் தேடினார். கண்டேன். இரங்கவில்லை.

முன்வரிசையில் ஒரு கதிரை. மச்சாளின் ஓட்டோ பிந்திவிட்டது. யார் யாரோ வந்து அதில் இருக்கப் பார்த்தார்கள். ஒரு டாக்குத்தரையும் எழுப்பினேன். அவ வந்து இருக்கும்வரைக்கும் அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

மணவறைக்குக் கிட்ட நிற்காதே என்று சொல்ல ஆராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். மறுமொழி தயாராக வைத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. அந்த மறுமொழி இன்னும் என் வாய்க்குள் கிடக்கிறது.

தனுஷா நிமிர்ந்தாள். முன்வரிசையைப் பார்த்தாள். தகப்பனின் முகம் அங்கே இருந்தது. பிறகுதான் தாலிக்குத் தலை குனிந்தாள்.

செப்ரெம்பர் 16

தம்புள்ளைக்காரன் மறுபடியும் சின்னப் பை அனுப்பியிருக்கிறான். இந்த முறை லொறியை விடவில்லை.

ஒக்ரோபர் 30, வியாழன்

காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒழுங்கைக்குள் மச்சாள் வருவது தெரிந்தது. கையில் துணி மூடிய தட்டம். அண்ணை தன்ரை படலையில் நின்றவர், கண்டதும் விலகித் திறந்துவிட்டார். மச்சாள் நிற்கவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு அதைத் தாண்டி வந்தா. என் படலை வரைக்கும் வந்தா.

அவவின் பேத்தி பெரியபிள்ளையாகிவிட்டாளாம். அடுத்த கிழமை சடங்கு. எனக்குச் சொல்லு வந்து சேராத அந்தக் கலியாணத்தில் பிறந்த பிள்ளை.

தட்டத்தை என் கையில் வைத்தா. வெற்றிலையின் மேல் குங்குமமும் இருந்தது.

"முதற் சொல்லு உனக்குத்தான். இன்னும் ஒரு வீடும் போகேல்லை." மூச்சு வாங்கிக்கொண்டு திண்ணைக் குந்தில் இருந்தா. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "எனக்கு இனி வீடு வீடா ஏறி இறங்க ஏலாது மலர். உந்த யானைக்காரனிட்டைச் சொல்லி, மிச்ச ஆக்களுக்கு உன்ரை போனிலை போட்டுவிடு."

நான் போனை எடுத்தேன்.

"இப்ப இல்லை. நாளைக்குப் போடு. இண்டைக்கு உனக்கு மட்டும்."

போனை வைத்துவிட்டு அடுப்பில் தண்ணி வைத்தேன்.